அந்த வெள்ளிக்கிழமையின் மற்ற செய்திகள்

தேதிக்குள் ஒரு தேதி – 9: நவம்பர் 22

வான் மீடர் என்ற பெயர் இன்றைக்கு அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. 1962-ம் ஆண்டின் கடைசியில் அந்தப் பெயர் தெரியாத வீடு அங்கே குறைவு. மெய்ன் மாநிலத்துக்காரர், வயது 26, விடுதி மேடைகளில் பியானோ வாசித்தபடி சிரிப்புக் காட்டுகிறவர். அதிபர் ஜான் கென்னடியைப் போலவே பேசுவது அவருக்குக் கைவந்த வித்தை. அந்த பாஸ்டன் இழுவையையும், காற்றில் விரலைக் குத்திப் பேசும் தோரணையையும் அப்படியே கொண்டுவந்துவிடுவார்.

கென்னடி வீட்டுச் சமாச்சாரங்களைச் செல்லமாகக் கிண்டலடிக்கும் குட்டி நாடகங்களைத் தொகுத்து, 'தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி' என்ற பெயரில் ஒரு இசைத்தட்டு வந்தது. அதன் ஒலிப்பதிவு நடந்த இரவு 1962 அக்டோபர் 22. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிற்கின்றன என்று நிஜ கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்ததும் அதே இரவில்தான். உலகம் அணுகுண்டுப் போரின் வாசலில் நிற்பது தெரியாமல், ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் போலி கென்னடியைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டு சுமார் 75 லட்சம் பிரதிகள் விற்றது. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருதும் வாங்கியது. நிருபர்கள் கென்னடியிடமே இதைப் பற்றிக் கேட்டார்கள். 'கேட்டேன், ஆனால் அது என் தம்பி டெடியின் குரல் மாதிரியல்லவா இருக்கிறது' என்ற பொருளில் பதில் சொல்லிச் சமாளித்தார் அவர்.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. மில்வாக்கி நகரில் மீடர் ஒரு டாக்சியில் ஏறுகிறார். 'டாலஸில் கென்னடி விஷயம் கேள்விப்பட்டீர்களா?' என்கிறார் டிரைவர். மீடருக்கு இது பழகிப்போனது. எங்கே போனாலும் யாராவது அவரிடம் ஒரு கென்னடி ஜோக் சொல்வார்கள். 'இல்லையே, எப்படிப் போகும் அது?' என்று சிரிக்கத் தயாராகிக் கேட்டார்.

அது ஜோக் அல்ல, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கடைகளிலிருந்து தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் ரத்தாயின. லென்னி புரூஸ் என்ற இன்னொரு மேடைச் சிரிப்புக்காரர் அந்த நாட்களில் மேடையேறி, வாய் திறக்காமல் சற்று நேரம் நின்றுவிட்டு, வான் மீடரின் கதை முடிந்தது என்றார். அவர் பயன்படுத்திய சொல்லை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. கணிப்பு மட்டும் பலித்தது. 2004-ல் இறக்கும்வரை மீடர் பாடிப் பார்த்தார், பல வேலைகள் செய்து பார்த்தார். பழைய வெளிச்சம் திரும்பவே இல்லை.

நவம்பர் 22 என்றதும் டாலஸ், திறந்த கார், துப்பாக்கி என்று போய்விடுவோம். அந்தக் கதையை இங்கே முழுதாகச் சொல்லப் போவதில்லை. சொல்ல ஆயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. அதே நாளில், அதே சில மணி நேரத்தில், பாட்டும் சினிமாவும் எழுத்தும் என்ன பாடுபட்டன என்பதுதான் இந்த வாரத்துச் சரக்கு. டாலஸ் கதையையே எடுத்துக்கொண்டாலும், அதன் ஒவ்வொரு முடுக்கிலும் ஒரு கேளிக்கைத் தொழில்காரர் நிற்பதைப் பார்க்கலாம்.

ஜாக் ரூபியிலிருந்து தொடங்கலாம். டாலஸில் 'கரோசல் கிளப்' என்ற நடன விடுதி நடத்தியவர். ஆடை களையும் நடனம்தான் அங்கே பிரதானம். கென்னடி சுடப்பட்ட மதியம் 12.30 மணிக்கு ரூபி எங்கே இருந்தார்? 'டாலஸ் மார்னிங் நியூஸ்' பத்திரிகையின் விளம்பரப் பிரிவில். வார இறுதிக்கான கிளப் விளம்பரத்தைக் கொடுக்க வந்திருந்தார். செய்தி கேட்டதும் கிளப்பை மூடினார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, டாலஸ் போலீஸ் தலைமையகத்தின் அடித்தளத்தில் கூட்டத்துக்குள் புகுந்து, கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்டிருந்த லீ ஹார்வி ஆஸ்வால்டைச் சுட்டார். என்.பி.சி. அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. கென்னடி உயிர்விட்ட பார்க்லேண்ட் மருத்துவமனையில்தான் ஆஸ்வால்டும் செத்தார். 1967-ல் ரூபியும் அங்கேயேதான்.

அந்த ஆஸ்வால்ட் பிடிபட்டது ஒரு சினிமா கொட்டகையில். ஓக் கிளிஃப் பகுதியில் 'டெக்சஸ் தியேட்டர்' என்று ஒன்று, 1931-ல் கட்டியது. டிக்கெட் வாங்காமல் ஒருவன் உள்ளே நழுவியதைப் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் பார்த்துவிட்டு, டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் சொல்ல, அவர் போலீசுக்குப் போன் போட்டார். உள்ளே 'வார் இஸ் ஹெல்' என்ற போர்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டார்கள், கைகலப்பு, விலங்கு. நூற்றாண்டின் மிகப் பெரிய தேடுதல் வேட்டை, மேட்னி ஷோ ஓசியில் பார்க்க வந்தவன் என்ற புகாரில் முடிந்தது. ஆலிவர் ஸ்டோன் 1991-ல் 'ஜே.எஃப்.கே.' எடுத்தபோது, அந்தத் தியேட்டரின் முகப்பைப் பழையபடி புதுப்பித்துப் படமாக்கினார். கொட்டகை இப்போதும் இருக்கிறது. படம் ஓட்டுகிறார்கள்.

அடுத்தவர் ஆபிரகாம் சப்ரூடர். பெண்களுக்கான ஆடைகள் தைத்து விற்கும் நிறுவனம் வைத்திருந்தவர், பொழுதுபோக்காக வீட்டுப் படங்கள் எடுப்பார். அன்று காலை கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அலுவலகத்தில் இருந்தவர்கள் நச்சரித்ததால் திரும்பிப் போய் எடுத்து வந்தார். பெல் அண்ட் ஹவல் 8 எம்.எம். கேமரா, கோடாக்ரோம் வண்ணச் சுருள். சிமென்ட் திண்டு ஒன்றின் மேல் ஏறி நின்றார். உயரம் என்றால் அவருக்குத் தலைசுற்றும். எனவே அலுவலகப் பெண் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். எடுத்தது 26.6 விநாடிகள், 486 பிரேம். ஒலி கிடையாது. 313-வது பிரேமில் கென்னடியின் தலையில் குண்டு பாய்கிறது.

சினிமா வரலாற்றில் இவ்வளவு அலசப்பட்ட 26 விநாடி வேறொன்று இல்லை என்பேன். 'லைஃப்' பத்திரிகை மொத்தம் 1,50,000 டாலருக்கு உரிமையை வாங்கியது. அதில் 25,000 டாலரை, அன்று ஆஸ்வால்டால் சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ்காரர் டிப்பிட்டின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார் சப்ரூடர். 313-ஐ மட்டும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் பொதுமக்கள் அந்தப் படம் ஓடியதைப் பார்த்தது 1975 மார்ச் மாதத்தில்தான். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அது ஒரு பெட்டகத்துக்குள் இருந்தது. சதிக் கோட்பாடுகள் அவ்வளவு கொழுத்து வளர்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பெட்டகம். 1999-ல் மூலச் சுருளுக்காக அமெரிக்க அரசு குடும்பத்தாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு சொன்ன தொகை 1 கோடியே 60 லட்சம் டாலர். விநாடிக்கு ஆறு லட்சம் டாலர் வருகிறது. எந்த நட்சத்திரமும் அந்தச் சம்பளம் வாங்கியதில்லை.

சரி, டாலஸை விட்டு வெளியே வருவோம்.

நியூயார்க்கில் அப்போது மதியம் 1.40. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' என்ற மெகா தொடர் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அதை நேரலையாகவே நடிப்பார்கள். திடீரென்று திரை மாறி, 'செய்தி' என்ற அட்டை மட்டும் தெரிய, செய்தி வாசிப்பவர் வால்டர் கிராங்கைட்டின் குரல் வந்தது. முகம் வரவில்லை. செய்தி அறையில் கேமரா தயாராக இல்லை. அன்றைய கேமராக்கள் சூடேறிப் படம் காட்டப் பல நிமிடம் பிடிக்கும். அந்தப் பக்கம் நடிகர்களோ எதுவும் தெரியாமல் வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிராங்கைட் கோட் போடாமல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தொண்டை அடைக்க மரணத்தை உறுதி செய்த காட்சி அதற்குப் பிறகு வந்தது. நான்கு நாட்களுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரமும் கிடையாது, தொடரும் கிடையாது. தொலைக்காட்சி என்பது பொழுதுபோக்குப் பெட்டி என்ற எண்ணம் அந்த நாட்டில் மாறியது அந்த நான்கு நாட்களில்தான்.

பாஸ்டன் கென்னடியின் சொந்த மாநிலத்துத் தலைநகர். அங்கே சிம்பொனி ஹாலில் வழக்கமான வெள்ளிக்கிழமை பிற்பகல் கச்சேரி. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தவர் எரிக் லைன்ஸ்டார்ஃப். செய்தி வந்ததும் என்ன செய்வது? கச்சேரியை நிறுத்தி எல்லோரையும் தெருவுக்கு அனுப்புவதா? குழுவின் நூலகர் அவசரமாக அலமாரியைத் திறந்து, பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியான 'எரோயிக்கா'வின் இரண்டாம் பகுதி, அதாவது இறுதி ஊர்வல இசை, அதன் இசைத்தாள்களை மேடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொருவர் முன்னும் வைத்தார். தாளைக் கையில் வாங்கியபோதுதான் சில கலைஞர்களுக்கு விஷயமே தெரியும். லைன்ஸ்டார்ஃப் அவையோரைப் பார்த்துத் திரும்பி அறிவித்தார். அன்றைய கச்சேரி வானொலிக்காகப் பதிவானது. அந்தப் பதிவைக் கேட்கலாம். அதிபர் சுடப்பட்டார் என்றதும் அரங்கில் ஒரு மூச்சிழுப்பு. இறுதி ஊர்வல இசையை வாசிக்கப் போகிறோம் என்றதும் இரண்டாவது முறை, முதலாவதைவிடப் பெரிதாக. முதல் வாக்கியத்தை வதந்தி என்று நினைக்க இடமிருந்தது. இரண்டாவதில் அது இல்லை. ஒத்திகை இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல், சுமார் பதினான்கு நிமிடம் வாசித்தார்கள். அந்த இசைக்குழுவின் எத்தனையோ பதிவுகளில் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

நவம்பர் 22 மேற்கத்திய இசைக்காரர்களுக்கு ஏற்கெனவே விசேஷமான நாள். இசைக்குக் காவல் புனிதையாகக் கிறிஸ்தவர்கள் வணங்கும் செசிலியாவின் திருநாள் அது. அந்தத் திருநாளில் பிறந்த இசை மேதை என்று ஆங்கிலேயர்கள் பெருமையாகச் சொல்வது பெஞ்சமின் பிரிட்டனை. பிறந்த ஆண்டு 1913. கணக்குப் போட்டால், கென்னடி இறந்த நாள் பிரிட்டனின் ஐம்பதாவது பிறந்தநாள். லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அன்று மாலை அவருடைய 'குளோரியானா' ஓபராவைக் கச்சேரியாக நிகழ்த்திக் கொண்டாட ஏற்பாடு. இடைவேளையில் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு டாலஸ் செய்தி பரவியது. ஐம்பதாண்டு நிறைவு விழாவுக்கு வந்த கூட்டம் கலைந்து போனபோது யார் பிறந்தநாளைப் பேசியிருப்பார்கள்?

பிறந்தநாளாவது பரவாயில்லை. அன்று செத்த எழுத்தாளர்களின் நிலைமைதான் பரிதாபம்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஹெடிங்டனில் 'தி கில்ன்ஸ்' என்று ஒரு வீடு. நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ்.லூயிஸ், அண்ணன் வார்னியோடு அங்கே இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வேலையை விட்டு ஓய்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அண்ணன் தேநீர் கொடுத்தார். ஐந்தரை மணிக்கு அறையில் ஏதோ விழும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலருகே லூயிஸ் நினைவிழந்து கிடந்தார். சில நிமிடங்களில் உயிர் போயிற்று. 65 வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. டாலஸில் குண்டு பாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கிளைவ் ஸ்டேபிள்ஸ் என்ற பெயர் பிடிக்காமல், சிறு வயதிலேயே 'ஜாக்' என்று தன்னை அழைக்கச் சொன்னவர் அவர். கென்னடியையும் வீட்டிலும் நண்பர்களிடத்திலும் 'ஜாக்' என்றுதான் அழைப்பார்கள்.

லூயிஸின் அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். துக்கம் தாளாமல் குடித்திருந்த அண்ணன் வரவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் ஆல்டஸ் ஹக்ஸ்லி. 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதியவர், ஜே.கிருஷ்ணமூர்த்தியின் நண்பர், அவருடைய 'முதலும் இறுதியுமான விடுதலை' நூலுக்கு முன்னுரை கொடுத்தவர். தொண்டைப் புற்றுநோய். பேச முடியவில்லை. அன்று பகலில் ஒரு தாளை வாங்கித் தள்ளாடும் கையால் எழுதிக் காட்டினார்: எல்.எஸ்.டி., 100 மைக்ரோகிராம், ஊசியாக. மனைவி லாரா மருந்தை எடுக்க அடுத்த அறைக்குப் போனால், டாக்டரும் மற்றவர்களும் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே ஒரு மனிதர் போய்க்கொண்டிருக்கும்போது இவர்களுக்கு என்ன டி.வி. வேண்டியிருக்கிறது என்று லாராவுக்குத் திகைப்பு. பிறகுதான் காரணம் தெரிந்தது. 1968-ல் அவர் எழுதிய நினைவு நூலில் இந்தக் காட்சி வருகிறது. மாலை 5.20-க்கு ஹக்ஸ்லி அமைதியாக இறந்தார்.

மக்களைச் சிந்திக்கவிடாமல் கேளிக்கையிலேயே மூழ்கடித்து ஆளும் அரசாங்கத்தைப் பற்றி 1932-லேயே எழுதியவர், நாடே டி.வி. முன் உட்கார்ந்திருந்த நாளில் போய்ச் சேர்ந்தார். கற்பனையில் எழுதியிருந்தால் நம்மூர் ஆசிரியர்கள் 'ரொம்பச் செயற்கையாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மறுநாள் நாளிதழ்களில் இந்த இருவருக்கும் கிடைத்த இடம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் கிரீஃப்ட் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். செத்துப்போன லூயிஸ், ஹக்ஸ்லி, கென்னடி மூவரும் மேலே எங்கோ சந்தித்து, இயேசு கடவுளா என்று வாக்குவாதம் செய்கிறார்கள். உயிரோடிருக்கும்போது ஒரே மேசையில் உட்கார வாய்ப்பில்லாதவர்களைத் தேதி உட்கார வைத்தது.

இதெல்லாம் 'ஒரே நாளில்' நடந்தது என்று நானும் சொல்லிக்கொண்டே போகிறேன். எந்த ஊர்க் கடிகாரப்படி?

டாலஸில் மதியம் 12.30 என்றால் கிரீன்விச்சில் மாலை 6.30. இந்தியாவில் சரியாக இரவு 12 மணி. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. தேதி மாறும் அதே நிமிடம். கென்னடி இறந்ததாக மருத்துவர்கள் குறித்த நேரம் டாலஸில் மதியம் 1 மணி, நமக்கு 23-ம் தேதி அதிகாலை 12.30. ஹக்ஸ்லி இறந்தபோது லண்டனிலேயே 23-ம் தேதி பிறந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. இந்தியாவில் பொழுது விடியும் நேரம். ஆக நம் நாட்காட்டிப்படி மூவரில் நவம்பர் 22-ல் இறந்தவர் லூயிஸ் மட்டும்தான், இரவு 11 மணிக்கு. 'லிங்கனுக்கும் கென்னடிக்கும் உள்ள அதிசய ஒற்றுமைகள்' என்று வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றும் பட்டியலை அனுப்பிவைக்கும் அன்பர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். பட்டியலில் பாதி தற்செயல், மீதியில் கொஞ்சம் புளுகு. லிங்கனுக்குக் கென்னடி என்ற பெயரில் செயலாளர் இருந்தார் என்பதற்கு ஆதாரமே கிடையாது.

இந்தியாவின் நவம்பர் 22-க்கு என்று தனியாக ஒரு துயரம் இருந்தது. அதை நம்மவர்களே மறந்துபோனோம். ஜம்மு-காஷ்மீரின் பூஞ்ச் அருகே விமானப்படையின் அலூவெட் ஹெலிகாப்டர் ஒன்று, குறுக்கே போன கம்பிகளில் சிக்கி விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் யார் யார்? மேற்குக் கட்டளையின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங். 15-வது கோரின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் பிக்ரம் சிங். 1961-ல் கோவா விடுதலையின்போது வான்படை நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்த ஏர் வைஸ் மார்ஷல் எர்லிக் பின்டோ. மேஜர் ஜெனரல் நானாவதி, பிரிகேடியர் ஓபராய், விமானி சோதி. ஆறு பேரும் பிழைக்கவில்லை. சீனப் போர் முடிந்து ஓராண்டு. தோற்ற படையைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த நேரம். எல்லைப் பகுதி ஒன்றின் படைத் தலைமையில் மேல்மட்டம் முழுக்க ஒரே விபத்தில் போயிற்று. உயர் அதிகாரிகள் பலர் ஒரே விமானத்தில் சேர்ந்து போகக் கூடாது என்ற கட்டுப்பாடு அதன் பிறகுதான் இறுகியது. முதல் நாள்தான், நவம்பர் 21 அன்று, தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியிருந்தது. அந்த வேலையில் இளைஞர் அப்துல் கலாமும் இருந்தார். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் ஒரு நாள்.

நாளிதழின் முதல் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் நள்ளிரவு நேரத்தில்தான் டாலஸ் செய்தி இந்தியாவுக்கு வந்தது. பூஞ்சில் விழுந்த ஆறு பேரின் மேல் அது வந்து உட்கார்ந்தது. ஜம்முவில் பிக்ரம் சௌக் என்ற நாற்சந்தி பரபரப்பாக இருக்கிறது. அந்த பிக்ரம் யார் என்று அங்கே நிற்கிற எத்தனை பேருக்குத் தெரியுமோ.

கடைசியாக நான்கு பையன்கள்.

அந்த வெள்ளிக்கிழமை இங்கிலாந்தில் இசைத்தட்டுக் கடைகளுக்கு வந்து இறங்கிய புதுச் சரக்கு 'வித் தி பீட்டில்ஸ்'. நான்கு பேரின் முகமும் பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில் இருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை அட்டையைப் பார்க்காதவர்கள் குறைவு. ராபர்ட் ஃப்ரீமன் ஒரு ஓட்டல் கூடத்தில், பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம். பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்தில் முப்பது வாரம் அசையாமல் இருந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை இறக்கிவிட்டு, இந்த இரண்டாவது ஆல்பம் 21 வாரம் உட்கார்ந்தது. தட்டு வெளியான இரவு அவர்கள் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற வடக்கத்தி ஊரின் சினிமா அரங்கில் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் அன்று காலை சி.பி.எஸ். செய்தியில், இங்கிலாந்தில் பரவும் இந்த விநோதக் காய்ச்சலைப் பற்றி ஒரு சிறு தொகுப்பு போனது. மாலைச் செய்தியில் கிராங்கைட் அதை மறுபடி காட்டுவதாக ஏற்பாடு. மாலைச் செய்தி என்ன ஆயிற்று என்று தெரியும். டிசம்பர் 10 அன்று, நாட்டுக்குக் கொஞ்சம் லேசான செய்தி தேவை என்று பட்டபோது, கிராங்கைட் அந்தச் சுருளைத் தூசு தட்டிப் போட்டார். பார்த்த ஒரு சிறுமி வாஷிங்டன் வானொலிக்குக் கடிதம் எழுத, வானொலிக்காரர் பாட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து ஒலிபரப்ப, நேயர்கள் தொலைபேசியில் மொய்க்க, ஜனவரியில் விடுவதாக இருந்த தட்டை கேப்பிடல் கம்பெனி டிசம்பர் 26-க்கே வெளியிட வேண்டியதாயிற்று. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர்.

இதை வைத்து ஒரு கதை உண்டு: அமெரிக்கா தன் இளம் தலைவனைப் பறிகொடுத்துத் துவண்டிருந்தது, அந்த வெற்றிடத்தில் பீட்டில்ஸ் புகுந்தார்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் நியூயார்க் போய் சல்லிவனோடு பேசி முடித்தது நவம்பர் இரண்டாம் வாரத்தில், கென்னடி உயிரோடிருந்தபோது. பிரிட்டனில் எந்த அதிபரும் சாகாமலே பெண் பிள்ளைகள் மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். துக்கம் வந்திராவிட்டால் அந்தத் தொகுப்பு மூன்று வாரம் முன்பே மாலைச் செய்தியில் வந்திருக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் அடிபட்டவர்கள் வேறு. ஃபில் ஸ்பெக்டர் பாடுபட்டுத் தயாரித்த கிறிஸ்துமஸ் பாட்டு ஆல்பம் அதே வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் வெளியானது. குதூகலப் பாட்டுக் கேட்க யாருக்கும் மனமில்லை, படுத்துவிட்டது. 1972-ல் அதைத் தூக்கி எடுத்து மறுபடி வெளியிட்டது யார் என்று பார்த்தால், பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனம். இன்றைக்கு அது டிசம்பர் மாதத்துக் கடைவீதிகளில் ஓயாமல் ஒலிக்கிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துக்கும் அன்றுதான் முன்னோட்டக் காட்சி வைத்திருந்தார்கள், ரத்து. அணுகுண்டு விமானி ஒருவர் 'டாலஸில் ஒரு வார இறுதியை ஜாலியாகக் கழிக்கலாம்' என்கிற ரீதியில் பேசும் வசனம் அதில் இருந்தது. ஊர்ப் பெயரை 'வேகஸ்' என்று மாற்றிக் குரல் சேர்த்து, ஜனவரி கடைசியில் வெளியிட்டார்கள். உதட்டசைவைக் கவனித்தால் இப்போதும் டாலஸ்தான். லண்டனில் பி.பி.சி. மறுநாள் சனிக்கிழமை தொடங்கிய புதுத் தொடர் ஒன்றை, நாட்டின் கவனம் வேறெங்கோ இருந்ததால், அடுத்த வாரம் முதல் பகுதியிலிருந்தே மறுபடி காட்ட வேண்டியதாயிற்று. 'டாக்டர் ஹூ' என்று பெயர். அறுபது ஆண்டு தாண்டியும் வந்துகொண்டிருக்கிறது.

1967-ல் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் அட்டையில் தங்களுக்குப் பிடித்த முகங்களை எல்லாம் கூட்டமாக நிற்கவைத்தார்கள் பீட்டில்ஸ். அந்தக் கூட்டத்தில் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் இருக்கிறார். அதற்கடுத்த ஆண்டு ரிஷிகேஷில் மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் உட்கார்ந்து எழுதிய பாட்டுகள் பலவற்றைச் சேர்த்து இரட்டை ஆல்பம் ஒன்று போட்டார்கள். அட்டையில் முகமே கிடையாது. வெள்ளை, வரிசை எண், மேடிட்ட எழுத்தில் குழுவின் பெயர். பிரிட்டனில் அது கடைக்கு வந்த நாள் 1968 நவம்பர் 22, இதுவும் வெள்ளிக்கிழமை.

அடுத்த வாரம் டிசம்பர் 28. ஆண்டு 1895. பாரிஸில் லூமியர் சகோதரர்கள் ஒரு காபிக்கடையின் அடித்தளத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டிய அதே நாளில், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கில் ரான்ட்கன் என்ற பேராசிரியர் எக்ஸ்-ரே பற்றிய தன் முதல் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

(தொடரும்)